மகள் பியானோ மேடைக் கலைஞர் ஆவேன் என்கிறாள். வேகமும் உழைப்பும் போதுமா?

தெம்பனிஸ் வாசகி, சிங்கப்பூர்
4 பிப்ரவரி 2025, இரவு 9.40

என் மகளுக்கு 14 வயது, உயர்நிலை 2. போன வருடம் பியானோத் தேர்வில் கிரேடு 8 டிஸ்டிங்ஷன் வாங்கினாள். இப்போது கச்சேரி மேடைதான் என் வாழ்க்கை என்கிறாள். மாமியார் "வீணை என்றால் கோயிலில் வாசிக்கலாம், பியானோவுக்கு நமக்கு எங்கே மேடை?" என்று கேட்கிறார். தினமும் ஐந்து மணி நேரம் வாசிக்கிறாள். விரல் நல்ல வேகம். சென்னைப் பியானோ கலைஞர் லிடியன் நாதஸ்வரம் மாதிரி வருவாள் என்று டீச்சர் சொல்கிறார். வேகமும் உழைப்பும் இருந்தால் போதும்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுருதிக்காரர்
4 பிப்ரவரி 2025, இரவு 11.52

போதாது அம்மா.

நான் வாசிப்பவன் இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன், 31 வருடமாக. ஒரு சீனப் பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொண்ட தொழில். வீவக அடுக்குமாடி வீடுகள், பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், அவ்வப்போது கச்சேரி அரங்குகள். மேடைக் கலைஞரை எல்லோரும் இரவு எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நான் மதியம் இரண்டு மணிக்குப் பார்ப்பேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

நாதஸ்வர வித்வானின் வாத்தியத்தில் ஊதுகிற சீவாளி கொத்தாகத் தொங்கும். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்றை மாட்டிக்கொள்வார். மிருதங்கக்காரர் இடந்தலைக்கு ரவையைத் தானே பிசைந்து அப்புவார். வயலின்காரர் பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார். பியானோக்காரர் வெறுங்கையோடு வருகிறார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் இருக்கிற பியானோதான். விரலால் அழுத்தும் கட்டை கனமா லேசா, மேல்ஸ்தாயி கத்துமா, பெடல் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கும், எல்லாவற்றையும் ஓரிரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டு இரவுக்குள் அதோடு ஒத்துப்போக வேண்டும். மறுநாள் வேறு ஊர், வேறு பியானோ. அந்த வாழ்க்கையின் பாதி இதுதான்.

உங்கள் மகள் வீட்டுப் பியானோவைத் தவிர எத்தனை பியானோ வாசித்திருக்கிறாள்? அதை முதலில் சொல்லுங்கள்.

சுருதிக்காரர்
5 பிப்ரவரி 2025, காலை 6.35

படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, ராத்திரி எழுதியது முழுக்கச் சரியில்லை. சொந்தப் பியானோவோடு பயணம் செய்தவர்களும் உண்டு. பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986 ஏப்ரலில், நாட்டை விட்டுப் போய் 61 வருடம் கழித்து, ரஷ்யாவில் வாசிக்கப் போனபோது நியூயார்க்கிலிருந்து தன் ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார். இத்தாலியின் மிக்கேலாஞ்செலி அப்படித்தான், பியானோ பிடிக்கவில்லை என்றால் கச்சேரியையே ரத்து செய்துவிடுவார். போலந்தின் ஸிமர்மன் இப்போதும் அப்படித்தான். 2001 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் விமான நிலையத்தில், பசை வாடை சந்தேகமாக இருக்கிறது என்று அவருடைய பியானோவை அதிகாரிகள் அழித்தேவிட்டார்கள்.

பெரிய கச்சேரிப் பியானோ ஒன்றின் நீளம் 274 செண்டிமீட்டர், எடை சுமார் 480 கிலோ. இதைக் கூடவே கொண்டுபோக ஒருவர் எவ்வளவு பெரிய பெயர் எடுத்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். மற்ற எல்லோருக்கும் நான் நேற்று சொன்னதுதான்.

இன்னொன்று. அதே 1986-இல் ரஷ்யப் பியானோ மேதை ரிக்டர் சைபீரியா வழியாகக் கிழக்குக் கடற்கரை வரை காரில் போனார். வழியில் சின்னச் சின்ன ஊர்களில் வாசித்தார். பியானோவைத் தானே தேர்ந்தெடுக்கும் பழக்கம் அவருக்குப் பிடிக்காது. ஒரே வருடம், ஒரே நாடு, இரண்டு மகா கலைஞர்கள். என் மனம் ரிக்டர் பக்கம்தான் போகும்.

சுருதிக்காரர்
5 பிப்ரவரி 2025, இரவு 10.48

"மதியம் இரண்டு மணிக்கு அப்படி என்னதான் நடக்கும்?" என்று புக்கிட் பாஞ்சாங் தம்பி கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

காலையில் நான் முதலில் போவேன். பியானோவில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 டன்னுக்கு மேல். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே ஒலியைப் பெருக்கும் சவுண்ட்போர்டு மரம் ஊறிப் புடைக்கும், சுருதி ஏறும். குளிரூட்டியில் காய்ந்தால் இறங்கும். வெளியே மழை கொட்டி, நனைந்த சட்டையோடு ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்தால் அரைமணியில் சுருதி அசையும். அதனால் காலையில் ஒரு முறை, ஒத்திகை முடிந்ததும் ஒரு முறை, தேவைப்பட்டால் இடைவேளையில் நாலைந்து கம்பி.

கலைஞர் வந்ததும் பியானோவை அல்ல, அரங்கைத்தான் முதலில் கேட்பார். விக்டோரியா அரங்கில் எழுநூறு பேர்கூட உட்கார முடியாது. எஸ்பிளனேட் அரங்கில் சுமார் 1,600 பேர். இங்கே மெல்லத் தொட்டால் கடைசி வரிசைக்குப் போகும் ஒலி அங்கே பாதி வழியிலேயே நின்றுவிடும். அப்புறம்தான் நாற்காலியின் உயரம், அப்புறம் கட்டை. "மேலே கூர்மையாக இருக்கிறது" என்பார்கள். கம்பியைத் தட்டும் ஹேமரின் கம்பளி உறையை, ஃபெல்ட்டை, ஊசியால் குத்தி மென்மையாக்குவேன். அளவுக்கு மீறிக் குத்திவிட்டால் அந்த ஒலி திரும்பி வராது, கை நடுங்கும் வேலை.

ஐரோப்பாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல். நாற்பது நிமிடம் அன்றிரவு வாசிக்கப்போகிற எதையும் தொடவில்லை. நடு ஸ்தாயியில் ஒரே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), மெல்ல, இன்னும் மெல்ல, இன்னும். நான் ஊசியை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நடுவில் இது மெல்லப் பேச மறுக்கிறது. பரவாயில்லை, நான் இடது கையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. இரவு பக்கவாட்டில் நின்று கேட்டேன். மதியம் பேச மறுத்த அந்த நடு ஸ்தாயி பாடியது. அன்றைக்கு வீட்டுக்கு எம்ஆர்டி ரயிலில் போகும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

மறுநாள் காலை ஆறு மணி விமானம் அவருக்கு. கச்சேரி முடிந்ததும் கையெழுத்து, பூங்கொத்து, பிறகு ஹோட்டல் அறையில் தனியாகச் சாப்பாடு. இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

சுருதிக்காரர்
6 பிப்ரவரி 2025, மதியம் 1.05

வேகம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். லிடியன் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தபோது எங்கள் பட்டறையில் எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பிள்ளையின் திறமை அபாரம். ஆனால் அந்தக் காணொளியில் நம் மக்கள் வேகத்தை மட்டும் கேட்கிறார்கள், அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் சமமாக விழுவதைக் கேட்பதில்லை. வேகம் 14 வயதில் வந்துவிடும். மெதுவான பகுதி வர நாளாகும்.

சுருதிக்காரர்
8 பிப்ரவரி 2025, இரவு 9.20

மேடைக்குப் போட்டிகள் வழியாகத்தான் போக வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், வாசல் பெரும்பாலும் அதுதான். போலந்தின் வார்சாவில் 1927 முதல் நடக்கும் ஷோப்பான் பியானோப் போட்டி இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. முப்பது வயதுக்கு மேல் சேர முடியாது. ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்குள் பிள்ளை வளர்ந்து வேறு ஆளாகிவிடும்.

1980-இல் அதில் முதல் பரிசு வியட்நாமின் டாங் தாய் சோனுக்கு. ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். போர்க்காலத்தில் ஹனோய் இசைக்கல்லூரியே கிராமத்துக்குப் பெயர்ந்துபோன நாட்களில் வளர்ந்த பிள்ளை. நல்ல பியானோ என்று ஒன்று கிடைக்காத இடத்திலிருந்து வந்தவர். (நான் ரிக்டர் பக்கம் என்று சொன்னது இதனால்தான்.) அதே வருடம் யூகோஸ்லாவியாவின் பொகோரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. நடுவராக இருந்த பியானோ கலைஞர் மார்த்தா அர்கெரிச், அவன் ஒரு மேதை என்று சொல்லி வெளியேறிவிட்டார். தோற்ற பொகோரெலிச்சுக்கு ஒரே ராத்திரியில் உலகப் பெயர். ஜெயித்தவர் அமைதியாகத் தன் வழியில் போய், நாற்பது வருடத்துக்கு மேலாக வாசிக்கிறார், கற்றுக்கொடுக்கிறார். 2021-இல் அதே போட்டியில் ஜெயித்த புரூஸ் லியூ அவருடைய மாணவர்.

மாமியாருக்கு ஒரு பதில். மார்கரெட் லெங் டான் சிங்கப்பூர்க்காரர், 1945-இல் பிறந்தவர். 16 வயதில் நியூயார்க் போனார். அங்கே ஜூலியார்டு இசைக்கல்லூரியில் இசைக்கான முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், 1971-இல். பிறகு இசையமைப்பாளர் ஜான் கேஜ் போன்றவர்களோடு வேலை செய்து, குழந்தைகள் விளையாடும் பொம்மைப் பியானோவையே கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். எங்கே மேடை என்று கேட்டால், அந்த அம்மாள் தானே மேடை போட்டுக்கொண்டார்.

சுருதிக்காரர்
9 பிப்ரவரி 2025, மாலை 5.15

"ஆண் பிள்ளை என்றால் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவச் சேவை வேறு இருக்கிறதே" என்று தம்பி எழுதியதைப் பார்த்ததும் ஒரு பையன் ஞாபகம். ஈசூனில் ஒரு நாலறை வீடு. அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது முதல் முறை அங்கே போனேன். பழைய நிமிர்ந்த பியானோ, கீழ்ஸ்தாயியில் இரண்டு கம்பி துருப்பிடித்திருந்தது. நான் வேலை செய்யும்போது மற்றப் பிள்ளைகள் டிவி பார்ப்பார்கள். இவன் தரையில் உட்கார்ந்து கேட்பான். இரண்டு கம்பி சேராமல் இருக்கும்போது ஒலி அலை அலையாக ஆடும், நாங்கள் பீட் என்போம். சேரச் சேர அலை மெதுவாகி நின்றுவிடும். "இப்போ நின்னுடுச்சு அங்கிள்" என்பான், எனக்கு முன்னாலேயே.

பதினோரு வருடம் அந்த வீட்டுக்குப் போனேன். இரவு 10.30-க்கு மேல் சத்தம் கூடாது என்று அப்பா கடிகாரத்தைப் பியானோ மேல் வைத்திருப்பார். மேல்மாடிப் பெரியவர் ஒருவர் முதலில் புகார் கொடுத்தார், பிறகு அவரே நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். சேவைக்குப் போன இரண்டு வருடமும் வார இறுதியில் மட்டும் வாசித்தான். கை பாறையாக இருக்கிறது என்று ஒருநாள் அழுதான். சேவை முடிந்ததும் ஜெர்மனி போனான். மூன்று போட்டியில் முதல் சுற்றோடு வெளியே வந்தான்.

இப்போது அங்கே ஓர் ஓபரா அரங்கில் பாடகர்களுக்கு ஒத்திகை வாசிக்கிறான். கொரெபெட்டிட்டர் என்று பெயராம். முழு இசைக்குழு வாசிக்க வேண்டியதை ஒரே பியானோவில் வாசித்து, பாடுகிறவர் மூச்சு வாங்குமிடத்தில் காத்திருந்து, தப்பைத் திருத்துகிற வேலை. திரைக்கு முன்னால் வருவதே இல்லை.

இதை நான் பல வருடம் ஒரு தோல்வியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவிடம் பேசும்போது இந்தப் பேச்சையே தவிர்ப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தவன் அந்தப் பழைய பியானோவில் உட்கார்ந்தான். கீழ்ஸ்தாயி அடைத்த தொண்டை மாதிரிதான் இன்னும். அவன் தங்கை ஏதோ சினிமாப் பாட்டு முணுமுணுத்தாள், அவளுக்கே தெரியாமல் சுருதி இறங்கிக்கொண்டே போனது. இவன் அவளோடு கூடவே இறங்கி, கார்டை மாற்றி மாற்றி, அவள் பாடுவதுதான் சரி என்று ஆக்கிவிட்டான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். தோல்வி என்று நினைத்தது என் தவறு. மேடை நடுவில் உட்காராதவனை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சுருதிக்காரர்
9 பிப்ரவரி 2025, மாலை 5.40

நாலறை என்று எழுதிவிட்டேன், அது மூவறை வீடு. பியானோவை உள்ளே கொண்டுவர படுக்கையறைக் கதவைக் கழற்றினார்கள், அதை எப்படி மறந்தேன்.

சுருதிக்காரர்
13 பிப்ரவரி 2025, இரவு 11.10

ஐந்து மணி நேரம் என்று அந்த அம்மா எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர், 1928-இல் பிறந்தவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டியபோது வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தானாக உள்ளே மடங்க ஆரம்பித்தன. டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு. கை அசதியாக இருந்தால் இன்னும் அதிகம் வாசித்துச் சரிசெய்யலாம் என்று பார்த்ததில் இன்னும் மோசமானதாக அவரே பிற்பாடு சொன்னார். முப்பது வருடம் இடது கைக்கு மட்டும் எழுதிய இசையை வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், இசைக்குழு நடத்தினார். 1990-களில் போடாக்ஸ் ஊசி வந்த பிறகுதான் இரண்டு கையும் திரும்பின.

இடது கை இசைக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் வாசிப்பதை விடவில்லை, இசையமைப்பாளர் ராவெலிடம் கேட்டு இடது கைக்கு மட்டும் ஒரு கான்செர்ட்டோ, இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் இசை, எழுதி வாங்கினார். 1932-இல் வியன்னாவில் அதை முதலில் வாசித்தவரும் அவர்தான். ஃபிளைஷர் பல வருடம் அதை மேடைகளில் வாசித்தார். ஒருவர் துன்பத்தில் கேட்டு வாங்கியது இன்னொருவரைப் பிழைக்க வைத்தது.

வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு மூடியை மூடிவிடுங்கள். சாதகத்தைக் குறைப்பது சோம்பல் இல்லை.

சுருதிக்காரர்
15 பிப்ரவரி 2025, காலை 7.50

மேடையில் மனப்பாடமாகத்தான் வாசிக்க வேண்டுமா என்று உட்லண்ட்ஸ் அக்கா கேட்டது நல்ல கேள்வி. இசைத்தாளைப் பார்க்காமல் வாசிப்பது எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் இளம் பெண்ணாக மனப்பாடமாக வாசித்தபோது, என்ன திமிர் என்று பேசியவர்கள் உண்டு. பிறகு அதுவே சட்டம் ஆகிவிட்டது. ரிக்டர் வயதான காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கில் தாளைப் பார்த்தே வாசித்தார்.

ஆம்ஸ்டர்டாமில் போர்ச்சுகல் பியானோ கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ் மேடையில் உட்கார்ந்திருக்க, இசைக்குழு அவர் தயார் செய்துவராத வேறொரு மொஸார்ட் கான்செர்ட்டோவைத் தொடங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போவதை அந்தக் காணொளியில் பார்க்கலாம். நடத்துநர் ஷையி இசையை நிறுத்தாமலே சிரித்துச் சமாதானம் சொல்கிறார். தன் முறை வந்ததும் பிரெஸ் நினைவிலிருந்தே வாசித்துவிட்டார். எல்லோரும் ஞாபகசக்தி என்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. தலை மறுத்துவிட்டது, பல வருடம் அந்த இசையோடு வாழ்ந்த காது எழுந்து வந்தது.

என் கதை ஒன்றும் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பள்ளி அரங்கில் இளம் கலைஞர் ஒருவரின் கச்சேரி. மேல்ஸ்தாயியில் ஒரு கம்பியின் அடியில் துருவை முந்தின நாளே பார்த்தேன். ஒரு நாள் தாங்கும் என்று விட்டுவிட்டேன். முதல் பகுதியின் உச்சத்தில் அறுந்தது. அங்கே ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி, மீதி இரண்டும் பேசும், ஆனால் அறுந்தது பக்கத்தில் விழுந்து உறுமியது. அந்தப் பெண் பகுதியை முடித்தாள், எழுந்தாள், உள்ளே கைவிட்டுக் கம்பியை ஒதுக்கினாள், மறுபடி உட்கார்ந்து, கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டு, அடுத்த பகுதியைத் தொடங்கினாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "பழைய பியானோ, பாவம்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு துருவைப் பார்த்த எந்தக் கம்பியையும் நான் விட்டதில்லை.

சுருதிக்காரர்
22 பிப்ரவரி 2025, இரவு 9.30

தெம்பனிஸ் அம்மாவும் மகளும் இன்று காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். இதுவரை வாசித்தது வீட்டுப் பியானோ, டீச்சர் வீட்டுப் பியானோ, தேர்வு அறைப் பியானோ, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான்தான் வரச்சொன்னேன். ஐந்து பியானோவைத் திறந்துவைத்தேன். ஷோப்பானின் நாக்டர்ன் என்ற மெதுவான இசை ஒன்றையே ஐந்திலும் வாசிக்கச் சொன்னேன்.

முதல் இரண்டில் அழகாக வாசித்தாள், உண்மையிலேயே அழகு. மூன்றாவது, ஒரு தேவாலயத்திலிருந்து வந்த பழையது, கட்டை கனம், நடுவில் இழுக்கும். நாலாவது வரியில் மெல்லிய ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை, விரல் விழுகிறது, சத்தம் இல்லை. முகம் சிவந்து, "இது கெட்டுப்போச்சு அங்கிள்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது, ஐந்தாவது பியானோவுக்குப் போய் முடித்தாள். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

பிள்ளை போகவில்லை. மூன்றாவதுக்கே திரும்பி வந்து, ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. இன்னும் மெதுவாக, கையின் எடையோடு. வந்தது. அடுத்த கட்டை. நாக்டர்னின் முதல் வரியை ரொம்ப மெதுவாக, அந்தப் பியானோ தாங்குகிற வேகத்தில், ஏழு எட்டு முறை வாசித்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டார், காதில் விழவில்லை.

மேடைக் கலைஞர் ஆவாளா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது அம்மா. மேடை நடுவிலா, ஈசூன் பையன் மாதிரி திரைக்குப் பின்னாலா, அதுவும் தெரியாது. அன்றைக்கு எழுபது வயது அம்மா செய்ததைத்தான் உங்கள் மகள் இன்று யாரும் சொல்லாமல் செய்தாள். ஐந்து மணி நேரத்தை மூன்றாகக் குறையுங்கள், வாரம் ஒரு நாள் வேறு பியானோவில் வாசிக்கவிடுங்கள்.

சுருதிக்காரர்
23 பிப்ரவரி 2025, காலை 8.15

அந்த மூன்றாவது பியானோவை இந்த மாதம் தூக்கிப்போடுவதாக இருந்தோம். பையன்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துருப்பிடித்த கம்பிகளை மட்டும் மாற்றிவைக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரட்டும். கட்டையின் கனத்தைக் குறைக்க மாட்டேன்.